பிறந்த நாள் சோறும் உம்மாவின் சஹனும்



கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் இரண்டு வாரமாக என் மேசையில் இருக்கிறது. பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், வெளியிட மாட்டேன். விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

அவருடைய மகனுக்கு அடுத்த மாதம் பத்து வயது நிறைகிறது. வகுப்புப் பிள்ளைகள் பிறந்த நாளைக் கடைகளில் கொண்டாடுவதைப் பார்த்துவிட்டு வந்த மகன், "நமக்குக் கடை வேண்டாம் உம்மா, வீட்டில் புரியாணி ஆக்கி, கேக் சுட்டு, எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டால் போதும்" என்கிறானாம். கணவரோ, "இதெல்லாம் நமக்குரியதல்ல" என்கிறார். மாமி, "செய்வதென்றால் இரண்டு பக்கத்துச் சொந்தத்தையும் கூப்பிட வேண்டும், நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது" என்கிறார். "நான் என்ன செய்வது ஹஸ்ரத்?" என்று கேட்டுவிட்டு, கையெழுத்துக்குக் கீழே நெருக்கி இரண்டு வரி எழுதியிருக்கிறார். "பதினாறு வருடமாக இந்த வீட்டில் எல்லோருக்கும் நான்தான் சமைக்கிறேன். என்னுடைய பிறந்த நாள் எதுவென்று ஒருவரும் கேட்டதில்லை."

முதலில் கேள்விக்கு வருவோம். நமக்கு அல்லாஹ் தந்த பெருநாட்கள் இரண்டுதாம். பிறந்த நாள் அவற்றோடு மூன்றாவதாகச் சேராது. பிறரின் வழக்கத்துக்கு ஒப்பாகும் என்பதால் பிறந்த நாள் விழாவே கூடாது என்று சொல்லும் உலமாக்கள் பலர். மார்க்கச் சடங்காக எண்ணாமல், வீண்விரயமும் பாவமும் கலவாமல், குடும்பத்துக்குள் ஒரு மகிழ்ச்சியாக மட்டும் இருந்தால் குற்றமில்லை என்று சொல்லும் உலமாக்களும் இருக்கிறார்கள். உங்கள் கணவர் முதற் கருத்தைப் பிடித்திருந்தால் அதற்காக அவரோடு வாக்குவாதம் வேண்டாம். அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. திகதியை விட்டுவிட்டு, அடுத்து வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பிள்ளைகளோடு சேர்ந்து சோறாக்கி உண்ணுங்கள். குடும்பத்தோடு கூடி உண்பதை எந்த ஆலிமும் தடுத்ததாக நான் அறியேன்.

திங்கட்கிழமை நோன்பைப் பற்றி வினவப்பட்டபோது, அது தாம் பிறந்த நாள் என்று ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் சொன்னதாக ஸஹீஹ் முஸ்லிமில் பார்க்கிறோம். அந்த நாளுக்கு அவர்கள் செய்தது ஷுக்ரு. ஆகவே, மெழுகுதிரி ஊதி அணைப்பதையும் பாட்டுப் பாடுவதையும் நம் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டிய தேவை இல்லை. பிள்ளையின் தலையில் கை வைத்து ஒரு துஆ ஓதுங்கள். அது போதும்.

இது கேள்விக்கான பதில். ஆனால் சகோதரி, என் மனத்தில் தைத்தவை அந்தக் கடைசி இரண்டு வரிகள்தாம். ஏனென்று சொல்கிறேன்.

2017 இல் எங்கள் மூத்த மகளுக்கு எட்டு வயது நிறைந்தது. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மாடி வீட்டில் இருக்கிறோம். "பெரிதாக ஒன்றும் வேண்டாம், நெருங்கியவர்கள் மட்டும்" என்று தொடங்கிய பேச்சு, பட்டியல் போட்டு முடித்தபோது இருபத்து நான்கு பேராகிவிட்டது. சஹன் கணக்கில் நான்கு. மனைவி ஸுப்ஹுக்கு முன்னரே எழுந்தார். கோழி கழுவி, இஞ்சி, வெள்ளைப்பூடு அரைத்து, வெங்காயம் பொரித்து, வட்டலப்பத்துக்கு முட்டை உடைத்து, கேக்குக்கு மா அரித்து, அன்று முழுவதும் அவர் குசினியை விட்டு வெளியே வந்தது தொழுகைக்காக மட்டும். நான் அஸருக்குப் பிறகு மத்ரஸாவிலிருந்து வந்து, குளித்து, அயர்ன் பண்ணிய ஜுப்பாவை அணிந்து, வாசலில் நின்று விருந்தாளிகளை வரவேற்றேன். பெரிய வேலை செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

இஷாவுக்குப் பிறகு சஹன்கள் விரித்தோம். ஆண்களுக்கு இரண்டு, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இரண்டு. பிஸ்மில்லாஹ் சொல்லிக் கை வைக்கும் நேரத்தில் ஐந்து வயது மகன் சத்தமாகக் கேட்டான்: "உம்மாவுக்கு எந்தச் சஹன் வாப்பா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு எழுந்து குசினிக்குப் போனேன். மனைவி சிறிய பலகையில் உட்கார்ந்து, புரியாணிச் சட்டியின் அடியைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கரண்டியை வைத்துவிட்டு, "எனக்குப் பசியில்லை. அவர்களுக்குச் சோறு காணுமா?" என்று கேட்டார்.

அந்த வாரம் மத்ரஸாவில் நான் நடத்த வேண்டிய பாடத்தில் ஒரு ஹதீஸ் வந்தது. ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. உங்கள் பணியாள் உங்களுக்கு உணவு கொண்டுவந்தால் அவரையும் உங்களோடு உட்கார வையுங்கள். அதற்கு வசதி இல்லையென்றால் ஓரிரு கவளமாவது அவருக்குக் கொடுங்கள் என்பது அதன் கருத்து. அதற்கு நபி (ஸல்) அவர்கள் ஒரு காரணமும் சொல்லியிருக்கிறார்கள்: அதைச் சமைக்கும் சூட்டையும் சிரமத்தையும் தாங்கியவர் அவர்தானே. அந்தப் பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவன் நான். அன்றைக்குப் பிள்ளைகள் முன்னால் அந்த இடத்துக்கு வந்தபோது எனக்கு வாசிக்க முடியவில்லை. கூலிக்கு வேலை செய்பவருக்கே அடுப்புச் சூட்டின் பேரால் ஓர் உரிமை இருக்கிறதென்றால், அந்தப் பிள்ளையைப் பத்து மாதம் சுமந்து பெற்றவளுக்கு எவ்வளவு இருக்க வேண்டும்? அதுவும், அவள் பெற்ற நாளின் பேரால் வைத்த விருந்தில்?

சூரத்து லுக்மானில் அல்லாஹ் பெற்றோரைப் பற்றி உபதேசிக்கும்போது தாயின் பலவீனத்தைத்தான் முன்னால் எடுத்து வைக்கிறான். பலவீனத்தின் மேல் பலவீனமாக அவள் சுமந்ததை நினைவூட்டிவிட்டுத்தான், எனக்கும் உன் பெற்றோருக்கும் நன்றி செலுத்து என்ற கருத்தைச் சொல்கிறான். எண்ணிப் பாருங்கள். பிறந்த நாள் என்று நாம் சொல்லும் அந்த நாளில் பிள்ளை செய்தது என்ன? அழுததுதான். பாடுபட்டவள் உம்மா. ஆண்டு திரும்பி அதே நாள் வரும்போது பிள்ளைக்குப் பரிசு, வாப்பாவுக்கு வாழ்த்து, உம்மாவுக்குச் சட்டியின் அடி என்றால் அது நியாயமா?

மறு ஆண்டு, 2018 இல், வீட்டில் மூன்று விஷயம் பேசி முடிவெடுத்தோம். ஒன்று, வீட்டில் உள்ளவர்கள் சேர்ந்து சமைக்கக்கூடிய அளவுக்குத்தான் ஆட்கள். எங்கள் வீட்டார் ஐவர், என் உம்மா, மாமா, மாமி என எட்டுப் பேர். இரண்டு, எந்த வேலை யாருக்கு என்று முதல் நாள் இரவே தாளில் எழுதி குசினிக் கதவில் ஒட்டிவிட வேண்டும். மூன்று, உம்மா உட்காரும் வரை சஹனின் மூடியைத் திறக்கக்கூடாது.

"ஆலிம் ஒருவர் குசினியில் நின்று வெங்காயம் உரிப்பதா?" என்று ஓர் உறவினர் கேட்டார். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. வீட்டாருக்கு உதவியாக வேலை செய்துகொண்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் எழுந்து போவார்கள் என்று அன்னையார் சொன்னார்கள். இதுவும் புகாரியில் உள்ளதுதான். இதற்கு மேல் அந்த உறவினருக்கு நான் சொல்ல எதுவும் இல்லை.

இனி, சமைக்கப்போகும் சகோதரிகளுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் நான் பட்டறிந்ததைச் சொல்கிறேன். பிழைகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

கேக்கை முதல் நாளே சுட்டுவிடுங்கள். பட்டர் கேக்குக்கு நம் பெரியவர்கள் வைத்திருந்த கணக்கு மிக இலகுவானது: பட்டர், சீனி, மா மூன்றும் ஒரே நிறை. ஒவ்வொன்றும் 250 கிராம் என்றால் ஐந்து முட்டை, இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கொஞ்சம் வெனிலா, தேவைப்பட்டால் இரண்டு மேசைக்கரண்டி பால். பட்டரையும் முட்டையையும் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். குளிர்ந்த முட்டையை ஊற்றினால் கலவை திரிந்து போகும். பட்டரையும் சீனியையும் வெண்மையாக, பஞ்சுபோல் வரும் வரை அடிக்க வேண்டும். அப்போது உள்ளே ஏறும் காற்றுத்தான் கேக்கைத் தூக்குகிறது. முட்டையை ஒவ்வொன்றாகச் சேருங்கள். மாவைப் போட்ட பிறகு அடிக்கக்கூடாது; மெதுவாகப் பிரட்டிவிட வேண்டும். அடித்தால் மாவின் பசை இறுகி, கேக் ரொட்டி மாதிரி ஆகிவிடும். முன்கூட்டியே சூடாக்கிய ஓவனில் 175 பாகையில் 45 முதல் 50 நிமிடம்.

ஓவன் கதவை முதல் அரை மணி நேரத்துக்குத் திறக்காதீர்கள். இதைச் சொல்வதற்கு எனக்குத் தகுதி இருக்கிறது. 2018 இல் பதினைந்தாம் நிமிடத்தில், "எப்படி வருகிறது பார்ப்போம்" என்று கதவைத் திறந்தவன் நான்தான். நடுப்பகுதி இறுகுவதற்கு முன் சூடு குறைந்தால் உள்ளே விரிந்த காற்று சுருங்கிவிடும். கேக்கின் நடுவில் கிண்ணம்போல் ஒரு பள்ளம். மகள் அழவில்லை. அந்தப் பள்ளத்தில் அன்னாசித் துண்டுகளை நிரப்பி, மேலே கொஞ்சம் கஜூவைத் தூவி, "இது வாப்பா கேக்" என்று பெயரும் வைத்தாள். இன்று வரை எங்கள் வீட்டில் அன்னாசி வைத்த கேக்குக்கு அதுதான் பெயர்.

வட்டலப்பம் மலாய் மக்களிடமிருந்து நமக்கு வந்து, நம் பெருநாளோடு ஒன்றாகிவிட்ட பண்டம். எட்டுப் பேருக்கு 300 கிராம் கித்துள் கருப்பட்டி, ஆறு முட்டை, 300 மில்லி கெட்டித் தேங்காய்ப்பால், ஏலம், சிறிது சாதிக்காய். கருப்பட்டியைச் சீவிக் கரைத்து வடிகட்டுங்கள். அடியில் மணல் இருக்கும். மெல்லிய ஆவியில் 40 முதல் 45 நிமிடம் அவிக்க வேண்டும். கிண்ணத்தின் மேல் எண்ணெய்த் தாள் மூடினால் மூடியில் சேரும் நீர் உள்ளே சொட்டாது. நெருப்பைக் கூட்டினால் முட்டை திரண்டு தண்ணீர் தனியாகப் பிரிந்துவிடும். இதையும் முதல் நாளே செய்து குளிர வைக்கலாம்.

புரியாணிக்கு ஒரு கிலோ பாஸ்மதி, ஒன்றரைக் கிலோ கோழி. இறைச்சியை முதல் நாள் இரவே தயிரும் மசாலாவும் பிசறிக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள், வெளியில் வைக்காதீர்கள். அரிசி அரை மணி நேரம் ஊற வேண்டும். முக்கால் பதத்தில் வடித்து, வெந்த கோழியின் மேல் பரப்பி, மூடியை இறுக்கி, சட்டிக்குக் கீழே ஒரு தோசைக்கல்லை வைத்து, இருபது நிமிடம் தம்மில் விடுங்கள். கல் இருந்தால் அடி பிடிக்காது.

மிச்சச் சோறு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. நம் வீடுகளில் புரியாணிச் சட்டியை இரவு முழுவதும் அடுப்பு மேலேயே வைத்து, காலையில் சூடாக்கிச் சாப்பிடும் பழக்கம் உண்டு. சோற்றில் வளரும் ஒரு வகைக் கிருமி விடும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஆகவே விருந்து முடிந்ததும் மிச்சத்தைச் சிறு பாத்திரங்களில் பிரித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். ஜெலட்டின் சேர்த்த ஜெல்லிக்குப் பதிலாகக் கடற்பாசி காய்ச்சுங்கள். அது கடலில் விளைவது, ஹலாலா என்று யோசிக்கத் தேவையில்லை. சீனி வருத்தம் உள்ள பெரியவர்களுக்குப் பப்பாசியும் கொய்யாவும் வெட்டி ஒரு தட்டு வைத்துவிட்டால், "ஒரு துண்டு கேக் தின்றால் என்ன" என்ற போராட்டமும் குறையும்.

வேலைப் பகிர்வையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளை புதினா இலை கிள்ளலாம், கேக் தட்டுக்குப் பட்டர் பூசலாம், முட்டையை எண்ணலாம். பத்து வயதுப் பிள்ளை மா அரிக்கலாம், நிறுக்கலாம், கலவையை அடிக்கலாம். பெரிய பிள்ளைகள், மகனானாலும் மகளானாலும், வெங்காயம் வெட்டலாம், பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது பொரிக்கலாம். கொதிக்கும் சோற்றை வடிப்பதும் பெரிய சட்டியைத் தூக்குவதும் வாப்பாவின் வேலை. அடி பிடித்த புரியாணிச் சட்டியைக் கழுவுவதும் அவருடைய வேலைதான். இந்தக் கடைசி வேலையைச் செய்து பார்த்த பிறகுதான், "இன்னும் பத்துப் பேரைக் கூப்பிடலாமே" என்று சொல்லும் பழக்கம் என்னை விட்டுப் போனது.

2022 ஐ நாம் மறக்க முடியாது. கேஸ் சிலிண்டருக்காகத் தெருவில் வரிசை வைத்துக் காத்திருந்த ஆண்டு அது. 2021 ஒக்டோபருக்கு முன் 1,500 ரூபாவுக்கும் குறைவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவானது. அந்த விலைக்கும் அது கிடைக்கவில்லை. மின்வெட்டு வேறு. அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. பால்மாவும் பட்டரும் முட்டையும் பணக்காரப் பண்டங்களாகிவிட்ட காலம்.

அந்த ஜூன் மாதத்தில் மகனுக்குப் பத்து வயது. "உம்மாவுக்கு எந்தச் சஹன்" என்று கேட்ட அதே மகன். எங்கள் ஓவன் கேஸில் எரிவது, கேஸ் இல்லை. மாடி வீட்டில் விறகு எரிக்கவும் முடியாது. "இந்த வருடம் வேண்டாம் வாப்பா" என்று அவனே சொன்னான். கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் உம்மாவுக்கு இது தெரிந்ததும், "இங்கே கொண்டு வாங்க. பின்வாசலில் அடுப்பு இருக்குத்தானே" என்றார். மாவையும் சீனியையும் பையில் போட்டுக்கொண்டு, வெள்ளவத்தையிலிருந்து கோட்டை வரை ரயிலில் போய், மிச்சத் தூரத்தை நடந்தோம்.

என் சிறுவயதில் எங்கள் வீட்டில் ஓவன் இருக்கவில்லை. உம்மா கேக் சுட்டது மேல் நெருப்பு, கீழ் நெருப்பு என்ற முறையில். அதை அன்று பேரப்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். பெரிய சட்டியில் ஓர் அங்குலத்துக்கு உலர்ந்த மணல் பரப்பி, அதன் மேல் ஒரு தாங்கி வைத்து, கேக் தட்டை அதில் இறக்கி, தகரத்தால் மூடி, அந்தத் தகரத்தின் மேல் சிரட்டைக் கரித் தணலைப் பரப்புவது. கீழேயும் விறகு எரியாமல் தணல் மட்டும். பட்டர் இல்லை, அரைக் கப் தேங்காயெண்ணெய். பால் இல்லை; ஒரு கப் தேங்காய்ப்பால். மா 250 கிராம், சீனி 200 கிராம், முட்டை இரண்டே இரண்டு, பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி. நாற்பது நிமிடத்தில் ஈர்க்கில் குத்திப் பார்த்தோம், ஒட்டவில்லை. மேலே கொஞ்சம் கருகல். புகை மணமும் இருந்தது. புரியாணிக்குப் பதிலாகத் தேங்காய்ப்பால் சோறு, பருப்பு, ஒரு கோழியை ஒன்பதாய்ப் பங்கிட்ட ஆணம், கத்தரிக்காய்ப் பொரியல். அந்தச் சாப்பாட்டைப் பற்றி என் பிள்ளைகள் இன்றும் பேசுகிறார்கள். இருபத்து நான்கு பேருக்கு வைத்த விருந்தைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

கோழி ஏன் ஒன்பது பங்கு என்று கேட்பீர்கள். ஒரு பங்கு பக்கத்து வீட்டுக்கு. ஆணம் சமைத்தால் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டி அயலாரையும் கவனியுங்கள் என்று அபூதர் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் சொன்ன உபதேசத்தை முஸ்லிம் கிரந்தத்தில் காண்கிறோம். தண்ணீரைக் கூட்டுவதற்குப் பணம் தேவையில்லை. கொட்டாஞ்சேனையில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த கிறிஸ்தவ அம்மா ஒருவரிடம்தான் என் உம்மா லவ் கேக் போடக் கற்றுக்கொண்டார். ரவை, கஜூ, முட்டை மஞ்சட்கரு, பன்னீர், தேன் எல்லாம் அளந்து காட்டிக் கற்றுக்கொடுத்தாராம். நத்தாருக்கு அங்கிருந்து ஒரு தட்டு வரும். பெருநாளைக்கு இங்கிருந்து வட்டலப்பம் போகும். தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்பும் வழக்கம் இரண்டு வீட்டிலும் இருக்கவில்லை. இன்று வெள்ளவத்தையில் எங்கள் எதிர்வீட்டு அம்மா வெள்ளிக்கிழமையில் மரக்கறி மட்டும் சாப்பிடுபவர், முட்டையும் தொடமாட்டார். அவருக்குக் கடற்பாசியும் பழமும் போகும். அயலார் எதைச் சாப்பிடுவார் என்று தெரிந்து கொடுப்பதும் அயலாருக்குரிய ஹக்கில் சேரும் அல்லவா?

அன்றிரவு சாப்பிட்டு முடிந்ததும் இளைய மகள் என் உம்மாவிடம் கேட்டாள்: "வாப்பும்மா, உங்கட பிறந்த நாள் எப்ப?"

உம்மா சிரித்தார். "ஐடென்டிட்டி காட்டில ஒண்டு போட்டிருக்கு மகள். அது சரியா என்று எனக்கே தெரியாது. ஆனா உங்கட வாப்பாவைப் பெத்த நாள் எனக்கு நல்லாத் தெரியும்" என்று சொல்லத் தொடங்கினார். ஸுப்ஹுக்கு நோவு தொடங்கியது. விடாத மழை. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிப்போய் ஒரு மொரிஸ் மைனர் டாக்சியைக் கூட்டி வந்தார். சொய்சா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது லுஹர் நேரம். அஸர் பாங்கு சொல்லும்போது நான் பிறந்தேன். வாப்பா ஒரு போத்தல் பிளேன் டீயும் இரண்டு ரோஸ் பாணும் கொண்டு வந்தாராம். "வாழ்க்கையில அவ்வளவு ருசியா நான் ஒண்டும் திண்டதில்ல" என்றார் உம்மா.

நாற்பது வயதைத் தாண்டிய நான் அந்தக் கதையை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். நான் கேட்டதில்லை, அதனால் அவர் சொன்னதில்லை. என் மனைவி குனிந்துகொண்டு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பதைக் கண்டேன். அவருடைய மூன்று பிரசவத்தின் கதையையும் நான் முழுமையாகக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். பிறந்த நாள் சோறு சாப்பிட்டு முடிந்ததும், பிறந்த பிள்ளை உம்மாவிடம், "நான் பிறந்த நாளைச் சொல்லுங்க உம்மா" என்று கேட்க வேண்டும். உம்மா சொல்வார். எல்லோரும் கேட்போம். பிறகு அந்தப் பிள்ளை உம்மாவுக்காக துஆ ஓதும். மெழுகுதிரி இல்லாத குறை இதுவரை எந்தப் பிள்ளைக்கும் தெரியவில்லை.

இனி உங்களுக்குச் சொல்கிறேன், கொட்டாஞ்சேனைச் சகோதரி. மகனின் ஆசை நல்ல ஆசை. சமையுங்கள், ஆனால் தனியாகச் சமைக்காதீர்கள். மகனிடம் மாவையும் அரிதட்டையும் கொடுங்கள். மாமியிடம் பணிவாகச் சொல்லுங்கள்: "மாமி, இந்த முறை நாங்கள் மட்டும். நீங்கள் பக்கத்திலிருந்து சொல்லித்தர வேண்டும்." பல மாமிமார் கேட்பது கூட்டத்தை அல்ல, தங்களுக்கு ஓர் இடத்தைத்தான். உங்கள் மாமிக்கும் கேட்பாரற்ற ஒரு பிரசவக் கதை இருக்கும். உங்கள் கணவர் பிறந்த கதை அது. அதையும் அன்றிரவு கேளுங்கள்.

உங்கள் கணவர் இந்தப் பக்கத்தை வாசிப்பார் என்றால், அவருக்கும் ஒரு வார்த்தை. தம்பி, "இது நமக்குரியதல்ல" என்று நீங்கள் சொன்னதை நான் மதிக்கிறேன். விழா நமக்குரியதாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் வீட்டாருக்கு உதவுவது நமக்குரியது. சமைத்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்து உண்பது நமக்குரியது. திகதியில் உங்களுக்குத் தயக்கம் இருந்தால் வேறொரு நாளில் செய்யுங்கள். அன்று நீங்கள் வெங்காயம் உரியுங்கள். சஹனின் மூடியைத் திறப்பதற்கு முன் உங்கள் மனைவி எங்கே என்று பாருங்கள். அவருடைய அடையாள அட்டையை ஒரு தடவை எடுத்து, அதில் உள்ள திகதியையும் பார்த்து வையுங்கள். பதினாறு வருடமாகிறது.

யா அல்லாஹ், எங்கள் பிள்ளைகளை ஸாலிஹான பிள்ளைகளாக ஆக்குவாயாக. எங்களைச் சுமந்து பெற்ற தாய்மாருக்கு, உயிரோடு இருப்பவர்களுக்கும் கப்ரில் இருப்பவர்களுக்கும், உன் ரஹ்மத்தைப் பொழிவாயாக. எங்கள் அடுப்புகளிலும் எங்கள் சஹன்களிலும் பரக்கத் செய்வாயாக. ஆமீன்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.